அக்ரிலிக் போர்டு முதல் மணல் சட்டி வரை: புகை, மது விதிகளுக்காக மலை ஹோம்ஸ்டேக்கள் வாங்கும் பொருள்கள், ஒரு விமர்சனம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் புதிதாக ஹோம்ஸ்டே தொடங்குகிறவர்கள், சிகரெட்டுக்கும் சரக்குக்கும் பயந்து வாங்கும் பொருள்களை ஒரு மேசையில் பரப்பினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ஆன்லைனில் வந்த அக்ரிலிக் போர்டு, ஒரு புகை அலாரம், ஓசோன் மெஷின், தேங்காய்ச் சிரட்டை ஆஷ்ட்ரே, கரிப் பை நாலு, ஏர் ஃப்ரெஷ்னர் ஒரு டஜன். இதில் பாதிக்கு மேல் சமவெளி வீட்டை மனதில் வைத்துச் செய்தவை. மதுரையில் ஒருவர் அறைக்குள் புகைத்துவிட்டால், மறுநாள் ஜன்னலைத் திறந்து ஃபேனை ஐந்தில் வைத்து, தலையணையை மொட்டை மாடியில் போட்டால் கதை முடிந்தது. இங்கே பல அறைகளில் ஃபேனே கிடையாது. ஜூன் பிறந்தால் நீலகிரியில் மழை. அக்டோபருக்குப் பிறகு கொடைக்கானலில் மழை. ஜன்னலைத் திறந்தால் மூடுபனிதான் உள்ளே வரும். கனத்த திரை, தரைவிரிப்பு, ரஜாய், அதன் மேல் ஒரு கம்பளி என்று அறை முழுக்கத் துணி. அத்தனையும் நாற்றத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, அடுத்த விருந்தாளி ஹீட்டரைப் போட்டதும் வெளியே விடும்.

அதனால்தான் ஒவ்வொரு பொருளாக எடுத்து, எது தேறும், எது காசு தண்டம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

போர்டு

ஆன்லைனில் கிடைக்கும் உள்ளங்கை அளவு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு சட்டப்படி போர்டு வைத்தாயிற்று என்று நினைப்பவர்கள் பலர். 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள விதிகள், போர்டு 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. வெள்ளைப் பின்னணி, புகை பிடிக்கக் கூடாத இடம், இங்கு புகைப்பது குற்றம் என்ற வாசகம், யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்ற விவரம். இவ்வளவும் இருக்க வேண்டும். வாசலிலும் ஒவ்வொரு மாடியிலும் வைக்க வேண்டும். லோக்கல் பெயின்டரிடம் தகரத்தில் எழுதச் சொன்னால் அக்ரிலிக்கைவிட நீண்டநாள் உழைக்கும். அக்ரிலிக்கின் பின்பக்கப் பசை இந்த ஈரத்தில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவதில்லை.

புகைக்கத் தனி அறை ஒதுக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். அந்தச் சலுகை 30 அறைகளும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல்களுக்குத்தான். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு உச்சவரம்பே 6 அறை, 12 படுக்கை. ஆகவே ‘ஸ்மோக்கிங் ரூம்’ என்று தனியாக வாடகைக்கு விடும் யோசனையை ஹோம்ஸ்டேக்காரர்கள் மறந்துவிடுவது நல்லது. அதே விதிகள், புகைக்கத் தடையுள்ள இடத்தில் ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் உரிமையாளர் கொடுத்து வைக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. சுவரில் போர்டு, டீப்பாயில் அழகுக்கு ஒரு ஆஷ்ட்ரே என்று இருக்கிற வீடுகள் இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். போர்டை எடுக்க முடியாது.

அறைக்குள் வைக்கும் அட்டை

போர்டு சட்டத்துக்கு, அட்டை விருந்தாளிக்கு. இங்கேதான் பெரும்பாலான வீடுகள் சறுக்குகின்றன. ரெடிமேடாக விற்கும் ‘ஹவுஸ் ரூல்ஸ்’ அட்டைகளில் பன்னிரண்டு ‘கூடாது’ வரிசையாக இருக்கும். எங்கே கூடும் என்று ஒரு வரி இருக்காது. பத்து மணிக்கு மேல், எட்டு டிகிரிக் குளிரில், சிகரெட் இல்லாமல் தூங்க முடியாதவர் அந்த அட்டையைப் படித்துவிட்டு நேராக பாத்ரூமுக்குள்தான் போவார். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்பது அவர் கணக்கு. பழைய பங்களாக்களில் அந்த ஃபேன் காற்றை வெளியே தள்ளாமல் மேலே மரத்தட்டுக்குள் தள்ளும் கொடுமையும் உண்டு. நாற்றம் பக்கத்து அறைக் கூரை வழியாக இறங்கும். பாத்ரூமில் கேஸ் கெய்சர் இருந்தால் பிரச்சினை நாற்றத்தோடு நிற்காது.

கீழே உள்ள மாதிரி அட்டை பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். ஏ5 தாளில், தமிழிலும் ஆங்கிலத்திலும், லேமினேட் செய்து, கதவின் உட்பக்கம் கண் உயரத்தில் ஒட்டலாம். கூடலூர், மசினகுடி பக்கமென்றால் மலையாளமும் கன்னடமும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

“அறை, பாத்ரூம், பால்கனி மூன்றிலும் சிகரெட், பீடி, வேப் வேண்டாம். புகைப்பவர்களுக்குப் பின்பக்கம் கூரை போட்ட இடம் இருக்கிறது. லைட் சுவிட்ச் பின்கதவுக்கு இடப்பக்கம். சிகரெட் துண்டை மணலில் அமுக்கிவிடுங்கள். அறைக்குள் புகைத்தால் துணிகளை டிரைவாஷ் போடும் பில்லும், அறை காலியாக இருக்கும் ஒரு நாள் வாடகையும் உங்கள் கணக்கில் சேரும். மது அருந்துவோர் டைனிங் ஹாலிலும் சிட்அவுட்டிலும் இரவு 10 மணி வரை அருந்தலாம். 21 வயது நிரம்பாதவர்களுக்குக் கிடையாது. இருட்டிய பிறகு புல்வெளியில் உட்கார வேண்டாம்; காட்டுமாடு வரும். காலி பாட்டிலை உடைக்காமல் நீலக் கிரேட்டில் வையுங்கள். குடித்த பிறகு வண்டியை எடுக்க வேண்டாம். கஞ்சா, போதைக் காளான் எதுவும் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது; வந்தால் போலீஸுக்குச் சொல்வோம்.”

கடைசி வரியைப் புகை விதியோடு கலக்காமல் தனியாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 25ஆவது பிரிவு, தெரிந்தே இடம் கொடுத்த வீட்டுக்காரரையும் பிடிக்கும். கொடைக்கானல் பக்கம் காளான் தேடி வருகிறவர்கள் உண்டு என்பது ஊரறிந்தது. சிகரெட்டுக்கு அபராதம் எழுதும் அதே தொனியில் இதையும் எழுதினால், காசு கொடுத்தால் சரியாகிவிடும் என்று அர்த்தமாகிவிடும்.

பால்கனியைச் சேர்த்ததற்கு விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள். பால்கனிப் புகை மேலறை ஜன்னலுக்குள் போகும். துண்டு கீழே காய்ந்த புல்லில் விழும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஊட்டிப் புல் கருகிக் காய்ந்திருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மலைச்சரிவில் தீப்பிடிக்கும் காலம். இந்தக் காரணத்தை ஒருமுறை வாயால் சொல்லிவிட்டால் முகச்சுளிப்பு குறையும்.

வேப் பற்றி ஒரு வரி. 2019ஆம் ஆண்டுச் சட்டம் இ-சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. தன் இடத்தில் இருப்பு வைக்கத் தெரிந்தே விட்டவரும் அதில் மாட்டுவார். ‘அது வெறும் ஆவிதான்’ என்ற வாதத்தை அட்டையிலேயே முடித்துவிட வேண்டும்.

மணல் சட்டி: இந்தப் பட்டியலில் முதல் மதிப்பெண்

பத்து லிட்டர் மண்சட்டி அல்லது தகர வாளி, அதில் முக்கால் பங்கு சலித்த மணல். கடையில் விற்கும் எஃகு ஆஷ்ட்ரே ஸ்டாண்டுகளைவிட இது மேல். ஸ்டாண்டின் மேல்தட்டு சின்னது. நாலு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். காற்று அடித்தால் சாம்பல் பறக்கும். சிரட்டை ஆஷ்ட்ரே பார்க்க அழகு, ஆனால் அதுவே எரியும் பொருள். மர ஆஷ்ட்ரேயும் அப்படியே.

தண்ணீர் ஊற்றிய டப்பா வேண்டாம். இரண்டே நாளில் பழுப்புச் சாறு ஊறி நாறும், அந்தச் சாறு நாய்க்கு விஷம். மண்ணென்று நினைத்துப் பூந்தொட்டிக் கலவையைப் போடுவது இன்னும் மோசம். நர்சரிக் கலவையில் தேங்காய் நார்த்தூள் இருக்கும். காய்ந்துவிட்டால் ஒரு சிகரெட் துண்டு போதும், கொழுந்துவிடாமல் மணிக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். விருந்தாளி தூங்கப் போன பிறகு பிளாஸ்டிக் தொட்டி உருகும், அதன்பின் தொட்டி இருக்கும் மரப்படி பிடிக்கும். வராந்தாவில் வரிசையாக ஜெரேனியம் தொட்டி வைத்திருக்கிற வீடுகள், மணல் சட்டியை அந்தத் தொட்டிகளைவிடக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். இல்லையென்றால் தொட்டிதான் ஆஷ்ட்ரே.

சட்டியைவிட முக்கியம், அதை எங்கே வைப்பது. ஜன்னல், கதவிலிருந்து ஐந்தாறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மேலே கூரை கட்டாயம். நாலு கம்பம், இரண்டு தகரத் தகடு போதும். கூரையில்லாத ‘ஸ்மோக்கிங் ஸ்பாட்’டை ஜூலை மாதம் யாரும் சீந்த மாட்டார்கள். ஒரு பெஞ்ச், ஒரு பல்பு. தரை சிமெண்டாகவோ ஜல்லியாகவோ இருக்க வேண்டும். சுற்றி இரண்டு மீட்டருக்குப் பைன் ஊசி, கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) சருகு இல்லாமல் தினமும் கூட்ட வேண்டும். கற்பூர இலையில் எண்ணெய் இருக்கிறது, சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. பின்வாசல்தான் வசதி என்று அங்கே பெஞ்சைப் போடுவார்கள். சமையலறை கேஸ் சிலிண்டரும் அந்தப் பின்வாசல் சுவரோரம்தான் நிற்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். பெஞ்சையோ சிலிண்டரையோ வீட்டின் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும். விறகு அடுக்கு, ஜெனரேட்டர் பெட்ரோல் கேன் பக்கத்திலும் வேண்டாம்.

வாரம் ஒருமுறை மணலைச் சல்லடையில் சலித்து, துண்டுகளை மூடியுள்ள தகர டப்பாவில் நனைத்து ஒரு நாள் வைத்த பிறகு குப்பைக்குப் போடலாம். உரக்குழிக்குப் போடக் கூடாது. ஃபில்டர் பஞ்சு போலத் தெரிந்தாலும் அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக், மக்காது.

புகை அலாரம்

வாங்கலாம். ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். சிகரெட் பிடிப்பவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கும் என்று நம்பி வாங்கியவர்கள் ஏமாந்துதான் போவார்கள். பன்னிரண்டு அடி உயரக் கூரை உள்ள பழைய வீட்டில் ஒரு சிகரெட்டின் புகை மேலே போய்ச் சேருவதற்குள் ஆறிப் பரவிவிடும். அலாரம் வாயைத் திறக்காது. ஆனால் கெய்சர் ஆவிக்குக் கத்தும். சாயங்காலம் ஜன்னல் வழியாக மூடுபனி நுழைந்தால் கத்தும். கணப்பில் ஈர விறகு போட்டால் கத்தும். இரண்டு முறை பொய்யாகக் கத்திவிட்டால் விருந்தாளி பேட்டரியைக் கழற்றி டிராயரில் போட்டுவிடுவார்.

அது உண்மையில் உதவுவது, ரஜாயில் விழுந்த கங்குக்கு. பஞ்சு அடைத்த ரஜாயில் நெருப்பு எரியாது, புகையும். இந்த வகைப் புகையைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது ஒளிமின் வகை அலாரம். பெட்டியில் ‘ஃபோட்டோஎலக்ட்ரிக்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அயனி வகை கொழுந்துவிட்டு எரியும் நெருப்புக்குத்தான் வேகம்.

மாட்டுவது கூரையின் நடுவில். முடியாவிட்டால் மூலையிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி. சாய்வுக் கூரை என்றால் உச்சி மூலைக்குள் திணிக்கக் கூடாது, அங்கே காற்று அசையாது. பாத்ரூம் கதவிலிருந்து மூன்று மீட்டர் விட வேண்டும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பார்த்து, மென்மையான பிரஷ்ஷால் துவாரங்களைத் துடைக்க வேண்டும். குட்டிப் பூச்சிகள் உள்ளே குடியேறினாலும் பொய் அலாரம் வரும். பத்து வருடமானால் அலாரத்தையே மாற்ற வேண்டும்.

ஒரு மலைப்பிரச்சினை பெட்டியில் எழுதியிருக்காது. பேட்டரி பாதி இறங்கிய நிலையில் இருக்கும்போது குளிர் ஏறினால் வோல்ட்டேஜ் இன்னும் இறங்கும். அதனால் ‘பேட்டரி மாற்று’ என்ற கீச்சுக் கீச்சு பெரும்பாலும் விடிகாலை நாலு மணிக்குத்தான் தொடங்கும், சூரியன் வந்ததும் நின்றுவிடும். விருந்தாளி புகார் சொல்லி நீங்கள் போய்ப் பார்க்கும்போது அது சமர்த்தாக இருக்கும். 9 வோல்ட் பேட்டரி வகை என்றால் நவம்பரிலேயே புதிது போட்டுவிட வேண்டும். பேட்டரியைக் கழற்ற முடியாத, பத்து வருட லித்தியம் வகை கிடைத்தால் அதுவே நல்லது. டிராயர் பிரச்சினையும் தீரும்.

புகை அலாரம் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்காது. அதற்குத் தனி அலாரம் வேண்டும். பார்பிக்யூ அடுப்பு வாடகைக்குத் தருகிற வீடுகள் கட்டாயம் வாங்க வேண்டியது இதைத்தான். நாலு பேர் குடித்துவிட்டுக் குளிர்கிறதே என்று மிச்சக் கரியோடு அடுப்பை அறைக்குள் தூக்கி வைத்துக் கதவை அடைத்தால், அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, குடித்தவருக்கு விழிப்பும் வராது. அடுப்பைத் திரும்ப வாங்கி, கரியில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வேலையாள் படுக்கப் போக வேண்டும்.

ரஜாயில் கங்கு விழுந்தால் மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி மடித்து வைப்பது ஆபத்து. வெளியே இழுத்துப்போட்டு, தையலைக் கிழித்து, பஞ்சைப் பிரித்து முழுக்க நனைக்க வேண்டும். மரத்தரை உள்ள வீடுகளில் பலகை இடுக்கையும் பார்க்க வேண்டும். அதற்கடியில் பல வருடத் தூசி காய்ந்து கிடக்கும். நடைபாதையில் ஏபிசி வகைத் தீயணைப்பான் ஒன்று, முள் பச்சையில் நிற்கிறபடி, இருக்கட்டும்.

நாற்றம் போக்குவதாகச் சொல்லும் பொருள்கள்

ஓசோன் மெஷின்: வேண்டாம். நாற்றத்தை அசைக்கும் அளவுக்கு ஓசோன் விட்டால் அது நுரையீரலைப் புண்ணாக்கும் அளவு. சுவரில் படிந்த நிகோடினோடு சேர்ந்து வேறு கெட்ட வாயுக்களையும் உண்டாக்கும். ரப்பர், எலாஸ்டிக் விரிசல் விடும். ஏர் ஃப்ரெஷ்னரும் சாம்பிராணியும் போட்டால் சிகரெட்டும் சாம்பிராணியும் கலந்த மூன்றாவது வாசனை ஒன்று வரும், அது இரண்டையும்விட மோசம். கரிப் பை அலமாரிக்குள் இருக்கும் லேசான வாடைக்குச் சரி, அறைக்குப் போதாது.

வேலைக்கு ஆவது பழைய முறைதான், ஆனால் வரிசை முக்கியம். முதலில் துணி எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். திரையை மறந்துவிட்டு மெத்தையைச் சுத்தம் செய்தால் சாயங்காலத்துக்குள் நாற்றம் திரும்பும். இரட்டைக் கட்டில் மெத்தைக்கு கால் கிலோ ஆப்ப சோடாவைச் சலித்துத் தூவி ஆறேழு மணி நேரம் விட்டு வேக்யூம் செய்ய வேண்டும். ஜன்னல் கண்ணாடி, கதவு, சுவிட்ச், லாம்ப் ஷேட், எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கை இவற்றில்தான் பிசுக்குப் படிந்திருக்கும். வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து துடைத்து, பிறகு பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வினிகர் கலந்து இன்னொருமுறை துடைக்க வேண்டும். டிஸ்டெம்பர் சுவர் துடைத்தால் கரையும், நாற்றத்தையும் விடாது. அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது கழுவக்கூடிய எமல்ஷனுக்கு மாறிவிடலாம்.

அதன் பிறகு, ஜன்னலை மூடி ரூம் ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். சூடு ஏற ஏறத் துணியும் சுவரும் பிடித்து வைத்திருப்பதை வெளியே விடும். உடனே ஜன்னலைத் திறந்து, டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினால் அந்தக் காற்று போய்விடும். இதைப் பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், மூடுபனி இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும். இரவு அறையைப் பூட்டி வைத்து, மறுநாள் காலை வெளிக்காற்றில் நின்றுவிட்டு வந்து முகர்ந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். உள்ளேயே நின்று வேலை செய்தவர் மூக்கை நம்பக் கூடாது.

மதுவுக்கு

இதற்குத் தனியாக விற்கும் பொருள் குறைவு. வாங்கினால் உதவுபவை மூன்று. ஒன்று, நீர் புகாத மெத்தை உறை. வாந்தி, ஒயின் கறை எல்லாவற்றுக்கும் இதுவே காப்பு. இந்தப் பட்டியலில் மணல் சட்டிக்கு அடுத்த இடம் இதற்கு. இரண்டு, பன்னிரண்டு பாட்டில் கொள்ளும் பிளாஸ்டிக் கிரேட். நீலகிரியில் 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். வனவிலங்குகள் உடைந்த பாட்டிலால் காயப்படுவதைப் பார்த்த உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவின் பேரில் வந்தது அது; பிறகு மற்ற மலைப்பகுதிகளுக்கும் போனது. பாட்டிலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்க வேண்டும். ஆகவே கிரேட்டைக் கழுவும் தொட்டிப் பக்கம் வைக்காமல் காய்ந்த இடத்தில் வைப்பது நல்லது. பாட்டில் காசு வேலையாளுக்கே என்று சொல்லிவிட்டால், தேயிலைச் செடிக்குள் ஒரு பாட்டில்கூடக் கிடக்காது. மறுநாள் அந்தச் சரிவில் இலை பறிக்க இறங்குபவர்களுக்கும் அதில்தான் பாதுகாப்பு.

மூன்று, டம்ளர். வீட்டில் கொடுக்காவிட்டால் பிளாஸ்டிக் கப்போடு வருவார்கள். அது மாநிலம் முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் தடை. காம்பு வைத்த ஒயின் கிளாஸ் சிமெண்ட் தரையில் ஒரு சனிக்கிழமை தாங்காது. உள்ளே தடித்த டீக்கடைக் கிளாஸ், வெளியே ஸ்டீல் டம்ளர். விருந்தாளி ஸ்டீலில் குடிக்க மூக்கைச் சுளித்தால் சிட்அவுட்டோடு நிற்கட்டும்.

சைட் டிஷ்ஷுக்கும் விதி வேண்டும், அதை யாரும் எழுதுவதில்லை. சிக்கன் எலும்பும் மிக்சரும் புல்வெளியில் கிடந்தால் கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி வரும். எங்கும் காட்டுப்பன்றி வரும். போதையில் செல்ஃபி எடுக்கக் காட்டுமாட்டின் அருகே போகிறவரை எந்த அட்டையும் தடுக்காது. இருட்டும் நேரத்தில் நாற்காலிகளை உள்ளே எடுத்து வைத்துவிடுவதே வழி. குளிருக்குக் குடித்தால் இதமாக இருக்கும் என்பதும் ஏமாற்று. தோலுக்கு ரத்தம் ஏறுவதால் சூடு தெரியும், உடம்புச் சூடு வேகமாக வெளியேறும். கேம்ப் ஃபயர் அணைந்த பிறகு அங்கேயே தூங்கிவிட்டவரை எழுப்பி உள்ளே கொண்டுவருவது வேலையாளின் பொறுப்பில் எழுத வேண்டிய ஒன்று.

செய்யக் கூடாதவை: மது விற்பது, வாங்கி வந்து மேலே காசு வைத்துக் கொடுப்பது, ‘வெல்கம் டிரிங்க்’ என்று வீட்டில் போட்ட ஒயினை நீட்டுவது. மூன்றுக்கும் உரிமம் வேண்டும், ஹோம்ஸ்டேயிடம் அது இருக்காது. டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை. ஒன்பதரைக்குச் சரக்கு தீர்ந்து வண்டியை எடுப்பதுதான் ஆபத்தான நேரம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் வழக்கு. முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. கொண்டை ஊசி வளைவு அதற்கும் காத்திருக்காது. செக்இன் செய்யும்போதே “சார், சாயங்காலத்துக்கு ஏதாவது வாங்கணும்னா ஏழு மணிக்குள்ள போயிட்டு வந்துடுங்க, அப்புறம் மிஸ்ட் இறங்கிடும்” என்று சொல்லிவிடுவது, சாவியைப் பிடுங்குவதைவிடச் சுலபம்.

வேலையாளுக்கும் ஒரு விதி. “வாங்க தம்பி, ஒரு ரவுண்டு போடுங்க” என்று விருந்தாளி கூப்பிடுவார். ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் அன்று இரவு பத்து மணி விதியை யாரும் சொல்ல முடியாது. “இல்லீங்கண்ணா, காலைல டிபன் நான்தான் போடணும்” என்ற ஒரு பதிலைப் பழக்கிவைத்தால் போதும். சிகரெட்டுக்கும் அப்படியே. “சார், இங்க பிடிக்கக் கூடாது” என்பதைவிட “சார், பின்னாடி நனையாம உக்கார ஷெட் இருக்கு, வாங்க காட்டறேன்” என்றால் ஆள் எழுந்து வருவார்.

புக்கிங் தளத்தின் விதிப் பக்கம்

ஏர்பிஎன்பியில் புகை, வேப் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பொத்தான் இருக்கிறது, அமைதி நேரத்துக்கும் இருக்கிறது. மதுவைக் கூடுதல் விதிகள் பெட்டியில் கைப்பட எழுத வேண்டும். அட்டையில் உள்ளதையே வார்த்தை மாறாமல் அங்கேயும் போட வேண்டும். முன்பதிவுக்கு முன் விருந்தாளி பார்க்காத கட்டணத்தை அப்புறம் கேட்டால் நிற்காது. அமைதி நேரத்தை இரவு 10 முதல் காலை 6 என்று வைத்தால் ஒலிபெருக்கிக்கான சட்ட நேரத்தோடு ஒத்துப்போகும். வீட்டுக்குள் கேமரா வைப்பதை 2024 ஏப்ரல் 30 முதல் அந்தத் தளம் தடை செய்துவிட்டது. சத்த அளவு காட்டும் கருவியைப் பொது இடத்தில், முன்கூட்டியே சொல்லிவிட்டு வைக்கலாம், படுக்கையறையில் கூடாது.

விருந்தாளியால் வந்த சேதத்துக்கு வீட்டுக்காரருக்கு ஈடு தரும் அதன் ஏர்கவர் ஏற்பாட்டில் புகை நாற்றம் போக்கும் கூடுதல் சுத்தச் செலவையும் கேட்கலாம், ஆனால் விருந்தாளி காலி செய்த 14 நாளுக்குள். நாற்றத்தைப் படம் எடுக்க முடியாது. ஆகவே துண்டு, சாம்பல், கருகிய ஓட்டை இவற்றை அறையைத் தொடுவதற்கு முன்பே படம் எடுத்து, விருந்தாளிக்குத் தளத்தின் மெசேஜிலேயே அனுப்ப வேண்டும், வாட்ஸப்பில் அல்ல. மழைக்காலத்தில் கம்பளி டிரைவாஷிலிருந்து திரும்ப ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். துணியைக் கொடுக்கும் அன்றே, உருப்படி எண்ணிக்கையும் தேதியும் போட்டு ரசீது வாங்கிவிட வேண்டும்.